கிறிஸ்தவரும் வாக்குரிமையும்

நம் குலத்தாருள் வயது முதிர்ந்தோர் சிலரும், அவர்களினும் அதிகமாய் இளைஞர் சிலரும், ராஜீய விவகாரங்கள் கிறிஸ்தவனுக்கு ஏற்றவை அல்லவென்றும், கோயிலும் குடும்பமும் தொழிலும் இருந்தால் போதுமென்றும் சொல்லக் கேட்கிறோம். செசாரின் நாணயத்தைக் குறித்த திவ்விய வசனத்தையும் இதற்கு ஆதாரமாக எடுத்துக் காட்டுவர். அவ்வசனம் செசாருக்குச் செலுத்த வேண்டியதொன்று உண்டென்று போதிக்கின்றதேயன்றி, ஒன்றுமில்லையென்று போதிக்கவில்லை. அந்நாளில் பிரஜை செலுத்த வேண்டியது வரி. குடியரசிலோ வரியோடு வாக்கும் செலுத்த வேண்டும். வேத வசனத்துக்கு வியாக்கியானம் செய்வது குருமாரின் உத்தியோகமாகையால் அதனை இவ்வளவில் நிறுத்தி, சரித்திரம் கூறுவதை ஆராய்வோம்.

அர்ச். இராயப்பர் பெயரால் இராயபுரம் என வழங்கப்பெறுவதாகச் சொல்லப்படும் நம் ஊரிலே, 1829 ஆம் வருஷத்தில் அவ்வாலயத்தை எடுப்பித்தவர்கள் படகுத் தொழில் செய்த குருகுல வம்சத்தாராகிய நம் முன்னோர். துறைமுகமில்லாத அக்காலத்தில் கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கவர்னரேயாயினும், வெறும் சரக்கு மூட்டையேயாயினும், இரும்பாணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகிலேறி அலைகளைக் கடந்தே சென்னைக் கரையை அடைய வேண்டும். அந்த வித்தை நம்மவர் கையில் இருந்தது. பட்டணத்தின் வியாபாரம் முழுவதும் அவர்கள் துடுப்பை நம்பியிருந்ததென்றாலும் மிகையாகாது.

1875 ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1881 ஆம் வருஷத்துப் புயல் அவ்வேலையைச் சிதைத்தது, மறுபடியும் கட்டினார்கள். துறைமுகத்தினால் நாட்டுக்கு நன்மையே விளைந்தது. அதனை நாம் மறுப்போமல்லோம். ஆயினும் கப்பல்கள் நேரே துறைமுகத்துக்குள் வந்து சரக்கிறக்கத் தொடங்கியபின் மசூலாப் படகுக்காரனுடைய ஜீவனம் போயிற்று. துறைமுகச் சுவர் தடுத்த மணல் தெற்கே குவிந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர்ப் பக்கம் வரையில் கடல் நம் கரையை அரித்துக்கொண்டே வந்தது. இவ்விரண்டு நஷ்டங்களுக்கும் ஆளான ஜனங்களின் அபிப்பிராயத்தை எவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு மார்க்கமும் இல்லை. நகரசபையின் 32 அங்கத்தினருள் 16 பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாமென்று சட்டம் வந்ததே 1878 இல்தான். அதிலும் குடிசையில் வசித்த படகுக்காரனுக்கு வாக்கு ஏது? கையில் தொழில் இருந்தும், கண்ணுக்கு முன் கோயில் இருந்தும், வாக்கு இல்லாதபடியால் அவன் தன் கரையைக் குறித்து ஒரு வார்த்தை சொல்ல முடியாதவனாயிருந்தான்.

அதன்பின் வாக்குரிமை சிறிது சிறிதாகவே வந்தது. 1919 ஆம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டம் சென்னைச் சட்டசபையில் இந்தியக் கிறிஸ்தவருக்கென 5 ஸ்தானங்களைத் தனித்தொகுதி முறையில் ஏற்படுத்தியது. தனித்தொகுதியாவது, கிறிஸ்தவப் பிரதிநிதியைக் கிறிஸ்தவ வாக்காளர் மட்டுமே தேர்ந்தெடுப்பது. அப்பொழுது வாக்குரிமை பெற்றிருந்தோர் ராஜதானியின் ஜனத்தொகையில் நூற்றுக்குச் சுமார் 3 பேரே. சொத்தும் வரியுமே யோக்கியதாம்சம். 1935 ஆம் வருஷத்துச் சட்டப்படி கீழ்ச்சபையின் 215 ஸ்தானங்களில் நமக்கு 8 கிடைத்தன; கிறிஸ்தவ ஸ்திரீகளுக்கென ஒன்று வேறு.

இந்தத் தனித்தொகுதியைப் பற்றி நம் தலைவர்களுக்குள்ளேயே பெரும் அபிப்பிராய பேதம் இருந்தது. சேலத்திற் பிறந்து வாலிபக் கிறிஸ்தவர் சங்கத்தின் அகில இந்தியக் காரியதரிசியாய் விளங்கிய கே. டி. பால், 1930 இல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்றபோது, கிறிஸ்தவர் தனியே பிரிந்து நிற்றல் தகாதென்னும் கொள்கையுடையவராயிருந்தார். தோர்ணக்கல் அத்தியட்சராகிய வேதநாயகம் அசரியாவின் கருத்தும் அதுவே. நீதிக்கட்சித் தலைவருள் ஒருவராகிய சர். ஏ. டி. பன்னீர்செல்வமோ, சிறுபான்மையோர் பெரும்பான்மையோரின் தயவையே நம்பியிருத்தல் ஆகாதென்று கருதித் தனித்தொகுதியை வேண்டினார். 1931 இல் சிறுபான்மையோர் உடன்படிக்கையிலும் கையொப்பமிட்டார்.

இவ்விருவரில் யார் சரி என்று இன்றும் நம் வீடுகளில் வாதம் நடப்பதுண்டு. நம் அபிப்பிராயத்தில், பன்னீர்செல்வத்தின் அச்சம் வீண் அச்சமல்ல. ஆனால் பாலின் வழியே நீண்ட நாளைக்கு உதவுவது. பன்னீர்செல்வத்தின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. 1937 இல் அவர் மந்திரியாயிருந்ததும், கட்டாய இந்திக்கு விரோதமாகச் சட்டசபையில் வாதாடியதும் தமிழர் அனைவருக்குமாகவே. 1940 மார்ச்சு முதல் தேதி ஓமான் கடலுக்கு மேலே அவர் ஏறிச் சென்ற விமானம் மறைந்தபோது, தமிழ்நாடு தன் தலைவர் ஒருவரை இழந்ததென்றே எல்லோரும் துக்கித்தார்கள்.

சுதந்திரம் வந்த மாதத்திலேயே, 1947 ஆகஸ்டில், அரசியல் நிர்ணய சபை தனித்தொகுதிகளை ஒழித்தது. அதற்குப் பதிலாகப் பொதுத்தொகுதியில் நின்றே நிறைவேறும்படி சென்னை, பம்பாய் மாகாணங்களில் கிறிஸ்தவருக்குச் சில ஸ்தானங்களை ஒதுக்குவதென்று தீர்மானித்தது. இரண்டு வருஷத்துக்குள் அதுவும் மாறிற்று. 1949 மே மாதத்தில், மத சம்பந்தமான ஒதுக்கீட்டை அடியோடு நீக்கும்படி ஆலோசனைக் கமிட்டியில் பிரேரேபித்தவர் வங்காளத்துக் கிறிஸ்தவரும் அச்சபையின் உபதலைவருமாகிய எச். சி. முக்கர்ஜி. நம் லயோலா கல்லூரித் தலைவராயிருந்த சேசுசபைக் குரு ஜெரோம் டிசூசா, சென்னையின் பிரதிநிதியாய் அங்கிருந்து, அதனை ஆதரித்துப் பேசினார். நமக்கென இருந்த ஸ்தானங்களை எவரும் பறித்துக்கொள்ளவில்லை. நம்மவரே மனப்பூர்வமாய் விட்டுக்கொடுத்தனர்.

விட்டுக்கொடுத்தது சும்மாவா? அன்று. மனச்சாட்சிச் சுதந்திரமும், வேதத்தைப் பிரசாரம் செய்யும் உரிமையும், சிறுபான்மையோர் தம் கல்விச்சாலைகளைத் தாமே நடத்தும் உரிமையும் அதே அரசியல் சட்டத்தில் 25 ஆம், 30 ஆம் விதிகளாய் நிலைபெற்றன. இவை எல்லாவற்றுக்கும் ஆதாரமாக, 326 ஆம் விதியின்படி வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்கு அளிக்கப்பட்டது. தனியறையை விட்டுவிட்டுப் பொதுக்கூடத்துக்கு வருகிறோமென்று நம் பெரியோர் சொன்னார்கள். வந்து உட்காராமல் நாம் வீட்டிலேயே இருந்துவிட்டால் தனியறையும் இல்லை, பொதுக்கூடமும் இல்லை.

பொதுக்கூடத்துக்கு வந்தவர்கள் அடைந்த பலனையும் பார்ப்போம். நாகர்கோவிலிலிருந்து 1951-52 தேர்தலில் லோக்சபைக்குச் சென்ற மார்ஷல் நேசமணி, 1956 நவம்பர் முதல் தேதி கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேரக் காரணமாயிருந்த தலைவர்களுள் முதல்வர். மணக்குடிக் கடற்கரையில், மீனவர் குலத்தைச் சேர்ந்த கத்தோலிக்க ஸ்திரீயாகிய லூர்தம்மாள் சைமன் 1957 இல் குளச்சல் தொகுதியில் வெற்றி பெற்றுக் காமராஜர் மந்திரிசபையில் உள்ளாட்சி மந்திரியானார். நம்மைப்போல் வலையும் படகுமாய் வாழும் ஜனங்களிடையிருந்து, ஒதுக்கிய ஸ்தானமில்லாமலே, ஒரு பெண்மணி மந்திரி ஸ்தானத்தை அடைந்ததை நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

மறுபக்கமும் உண்டு. 1950 ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு, ஆதிதிராவிட வகுப்புகளிலிருந்து கிறிஸ்து வேதத்திற் சேர்ந்தோரை அட்டவணைச் சாதிச் சலுகைகளுக்குப் புறம்பாக்கியது. அவ்வுரிமை 1956 இல் சீக்கியருக்கும் 1990 இல் பௌத்தருக்கும் விரிந்தது, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. அச்சகோதரரின் வழக்கை நம் போன்ற வகுப்புச் சங்கங்கள் தம் வழக்காய் எடுத்துப் பேசியது மிகக் குறைவென்பதையும் சொல்லாமலிருக்க முடியாது.

சமீப காலத்துக்கு வருவோம். 2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. நம்மவர் மனுக் கொடுத்தனர், ஊர்வலம் சென்றனர்; சட்டம் அசையவில்லை. 2004 மே மாதத்து லோக்சபைத் தேர்தலில் ஆளுங்கட்சி 39 தொகுதிகளில் ஒன்றையும் பெறவில்லை. அம்மாதமே அச்சட்டத்தை விலக்கிக்கொள்வதாக அரசு அறிவித்தது. தோல்விக்குக் காரணங்கள் பல. நம் வாக்கு ஒன்றே காரணமென்று சொல்வது தற்பெருமை. எனினும் மனு செய்யாத வேலையை வாக்குச் சீட்டு செய்ததென்பது கண்கூடு.

2007 இல் நடந்தது இன்னும் விசித்திரமானது. பிற்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் கிறிஸ்தவருக்கென நூற்றுக்கு 3.5 பங்கு தனியாக வழங்கப்பட்டது. பிள்ளைகளின் கல்லூரி அநுமதியைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, பொதுப் பங்கிலேயே இருந்தால் அதிகம் கிடைத்திருக்குமென்று தெரிந்தது. நம் தலைவர்களே கேட்டுக்கொள்ள, 2008 இல் அது நீக்கப்பட்டது. 1949 இல் கொள்கைக்காக விட்டதை, அறுபது வருஷத்துக்குப்பின் கணக்குப் பார்த்தும் விட்டோம்!

2011 ஆம் வருஷத்துக் குடிமதிப்பில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் சுமார் 44 இலட்சம். நூற்றுக்கு 6 பேர். இச்சிறு தொகையைக் கொண்டு நாம் மட்டும் ஒருவரை ஜெயிக்க வைப்பது பெரும்பாலான தொகுதிகளில் இயலாது. ஆகையால், சாதிக்கட்டாய் வாக்கைத் திரட்டி ஒரு கட்சிக்கு விலை பேசும் தரகர்களை நம்புதல் வீண். அப்படிப்பட்டவர்கள் தேர்தல் தோறும் சங்க வாசலில் வந்து நிற்பதை நாம் அறிவோம். பிரசங்க பீடத்திலிருந்து இன்னாருக்கு வாக்களியுங்கள் என்பதும் நமக்குச் சம்மதமில்லை. கரை அரிப்பு, குடிநீர், எண்ணூர்ப் பக்கத்துக் கழிமுகம், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், இவற்றில் வேட்பாளரின் நிலை யாதென்று நேரிற் கேட்டு, அயல் தெருவின் இந்து, முஸ்லிம் சகோதரரோடு கலந்து தீர்மானிப்பதே கே. டி. பால் காட்டிய வழியாகும்.

அதற்கு முன் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். 2025 டிசம்பர் 19 ஆம் தேதி வெளியான தமிழ்நாட்டு வரைவு வாக்காளர் பட்டியலில், முன்பிருந்தவற்றுள் 97 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் காணப்படவில்லை. இறந்தோரும் இருமுறை பதிந்தோரும் அவற்றில் உண்டென்பது மெய்; வீடு மாறினாரென்றோ, விசாரிக்கப் போனபோது ஆளைக் காணோமென்றோ விடப்பட்டவர்களும் உண்டு. கரையோரக் குடியிருப்பிலிருந்து தொலைவான அடுக்கு வீடுகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களும், மணமாகி வேறு தெருவுக்குச் சென்ற பெண்களும், கப்பல் வேலையில் மாதக்கணக்காய் வெளியே இருப்போரும் நம் குலத்தில் அநேகர். பெயர் இல்லாதோர் படிவம் 6 எழுதிக் கொடுக்க வேண்டும். விலாசம் மாறினோருக்குப் படிவம் 8. பதினெட்டு வயது நிறையும் பிள்ளைகளுக்கு இப்பொழுது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி ஒவ்வொன்றும் தகுதி நாளாகும். எழுதத் தெரியாத முதியோருக்கு எழுதிக் கொடுக்க, ஞாயிறு பூசைக்குப்பின் ஆலய வாசலில் இரண்டு இளைஞர் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால் போதும்.