ஸ்காரோ வெடித்ததா இல்லையா?

1988 அக்டோபரில் ஒரு கோள் வெடித்துச் சிதறியதை பிரிட்டனில் பல லட்சம் பேர் டிவியில் பார்த்தார்கள். ஒன்பது வருடம் கழித்து ஒரு நாவல் வந்து, "நீங்க பார்த்தீங்களே, அது அந்தக் கோளே இல்லை" என்றது. 'டாக்டர் ஹூ' ரசிகர்களில் பலர் அந்த நாவலை இன்னும் மன்னிக்கவில்லை. நானும் திட்டுவதற்காகவே அதைத் தேடிப்பிடித்துப் படித்தேன். திட்டத்தான் செய்தேன். ஆனால் எதற்காக இவ்வளவு கோபம் என்று யோசிக்கப்போய், 1964 வரை பின்னால் போகவேண்டியதாகிவிட்டது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். 'டாக்டர் ஹூ' பிபிசியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. டாக்டர் என்று மட்டுமே அழைக்கப்படும் ஒருவர், பார்க்க நீல நிற போலீஸ் பெட்டி போலிருக்கும் டார்டிஸில் ஏறி எந்தக் காலத்துக்கும் எந்தக் கோளுக்கும் போவார். சாகும் நிலை வந்தால் உடம்பு மாறி வேறு ஆளாகிவிடுவார். நம்ம ஊர் சீரியலில் "இனி இவருக்குப் பதில் இவர்" என்று கார்டு போடுவார்களே, அதைக் கதைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். தொடங்கிய அடுத்த மாதமே டாலெக்குகள் வந்தன. வெளியே மிளகுத்தூள் டப்பா மாதிரி ஒரு கவசம், உள்ளே வெறுப்பைத் தவிர எதுவும் தெரியாத ஒரு ஜந்து. உருவாக்கியவர் டெர்ரி நேஷன் என்ற எழுத்தாளர். டாலெக்குகளின் தாய்க்கோள்தான் ஸ்காரோ. கதைப்படி அவற்றைப் படைத்த விஞ்ஞானி டேவ்ரோஸ்.

தொடரின் 25ஆம் ஆண்டில் பென் ஆரனோவிச் எழுதிய 'ரிமம்பரன்ஸ் ஆஃப் த டாலெக்ஸ்' ஒளிபரப்பானது. கதை 1963 லண்டனுக்கே திரும்புகிறது. முதல் எபிசோடில் வந்த அதே பள்ளிக்கூடம், அதே பழைய இரும்புக் கிடங்கு. ஏழாவது டாக்டராக சில்வெஸ்டர் மெக்காய். இந்த முறை அவர் பொறி வைக்கிறார். சூரியன்களையே ஆட்டிவைக்கும் ஒரு கருவியை டேவ்ரோஸ் திருடும்படி விடுகிறார். டேவ்ரோஸ் அதை இயக்க, ஸ்காரோவின் சூரியன் வெடிக்கிறது. ஸ்காரோ போய்விடுகிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வெடிப்பு இல்லை, அதற்கு முன்னால் வரும் ஒரு டீக்கடைக் காட்சி. ராத்திரி நேரம். டாக்டர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். டீயில் சர்க்கரை போடலாமா வேண்டாமா என்பதில் பேச்சு ஆரம்பிக்கிறது. கடையில் வேலை செய்பவரின் முன்னோர் அடிமையாக விற்கப்பட்டவர், அதற்கும் இந்தச் சர்க்கரைக்கும் சம்பந்தம் உண்டு என்பதில் போய் நிற்கிறது. ஒரு கோளை அழிக்கப்போகிற ஆள் அதற்கு முந்தைய இரவில் கையைப் பிசைந்துகொண்டு இருக்கிறார். எல்லாம் முடிந்ததும் அவருடைய தோழி ஏஸ், நாம் செய்தது சரிதானா என்று கேட்கிறாள். நேரான பதில் வரவில்லை.

1989இல் தொடர் நின்றுபோனது. 1991இலிருந்து வர்ஜின் பதிப்பகம் புதிய கதைகளை நாவல்களாக வெளியிட ஆரம்பித்தது. முதல் நாவலை எழுதியவர் ஜான் பீல். டிவியில் எதுவும் இல்லாத அந்த வருடங்களில் நாவல்கள்தான் தொடர். 1996இல் பால் மெக்கான் நடித்து ஒரே ஒரு டிவி படம் வந்தது. அது ஸ்காரோவில் நடக்கும் ஒரு விசாரணையோடு தொடங்கும். அழிந்த கோளில் எப்படி விசாரணை? காலப்பயணக் கதைதானே, "அழிவதற்கு முன்னால் நடந்தது" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம்.

பீல் அப்படி முடிக்கவில்லை. 1997 அக்டோபரில் பிபிசி வெளியிட்ட அவருடைய 'வார் ஆஃப் த டாலெக்ஸ்' நாவலின் விளக்கம் இது: ஸ்காரோ அழியப்போவதை டாலெக்குகள் முன்கூட்டியே வரலாற்றுப் பதிவுகளில் கண்டுபிடித்துவிட்டன. உறக்கத்தில் கிடந்த டேவ்ரோஸை அப்படியே தூக்கி, ஸ்காரோ போலவே மாற்றியமைத்த ஆண்டலின் என்ற வேறொரு கோளில் வைத்துவிட்டன. வெடித்தது ஆண்டலின். 1979 கதையில் டாலெக்குகளின் எதிரிகளாக வந்த மூவெலன்களும் அவை ஏற்பாடு செய்த நாடகம். பத்து வருடத்துக் கதைகள் ஒரே அத்தியாயத்தில் செட்டப் ஆகிவிட்டன.

பீலின் பக்கமும் கொஞ்சம் நிற்கலாம். அவர் 1988இலேயே நேஷனோடு சேர்ந்து டாலெக்குகளைப் பற்றி ஒரு நூல் எழுதியவர். நேஷன் 1997 மார்ச்சில் இறந்தார். டாலெக்குகள் சுலபமாக ஏமாறும் மக்குகள் இல்லை என்று காட்ட பீல் விரும்பியது நாவலில் தெரிகிறது. அந்த ஆசையில் தப்பில்லை. மேலும், டிவியில் நடந்ததை நாவல் மாற்றுவது இந்தத் தொடருக்குப் புதிதும் இல்லை. முதல் நாவலே அதைத்தான் செய்தது.

1964 நவம்பரில் டேவிட் விட்டேக்கர் எழுதிய முதல் 'டாக்டர் ஹூ' நாவல் வந்தது. அவர்தான் தொடரின் முதல் கதை ஆசிரியர். டிவியில், இயன், பார்பரா என்ற இரண்டு ஆசிரியர்கள் தங்கள் மாணவி சூசனைப் பின்தொடர்ந்து போய் டாக்டரைச் சந்திப்பார்கள். விட்டேக்கர் அதை ஓரங்கட்டிவிட்டார். நாவலில் பனிமூட்டம், பார்ன்ஸ் காமன் பக்கம் ஒரு சாலை விபத்து. இயன் ஆசிரியர் இல்லை, வேலைக்கான நேர்காணல் முடிந்து திரும்பும் விஞ்ஞானி. கதையைச் சொல்வதும் அவர்தான். டிவியில் டாலெக்குகள் வந்தது இரண்டாவது கதையில். அதை மட்டும் தனி நாவலாக்கும்போது அதற்கென்று ஒரு தொடக்கம் வேண்டியிருந்தது. இன்றும் ரசிகர்கள் இந்த நூலைப் பிரியத்தோடுதான் பேசுகிறார்கள்.

அதே வேலையைச் செய்த பீலுக்கு மட்டும் ஏன் திட்டு?

1964இல் ஒளிபரப்பானால் போச்சு. வீட்டில் வீடியோ கிடையாது. பிபிசியே 1960, 70களில் ஏராளமான நாடாக்களை அழித்தது. இடத்தை மிச்சப்படுத்தணும், நாடாவை மறுபடி பயன்படுத்தணும், இதையெல்லாம் யார் திரும்பப் பார்க்கப்போகிறார்கள்? 'பவர் ஆஃப் த டாலெக்ஸ்' (1966) கதையின் ஆறு எபிசோடுகளும் போயின. 'ஈவில் ஆஃப் த டாலெக்ஸ்' (1967) கதையின் ஏழில் ஒன்றுதான் மிஞ்சியது. ரசிகர்கள் வீட்டில் எடுத்த ஒலிப்பதிவுகள் இருக்கின்றன, படம் இல்லை. ஒரு தலைமுறைக்குப் பழைய கதைகள் எல்லாமே புத்தகம் வழியாகத்தான் தெரியும். புத்தகம் சொன்னதுதான் நடந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொலைந்துபோன அந்த இரண்டு கதைகளையும் எழுதியவர் விட்டேக்கர். 1993இல் அவற்றை நாவலாக்கிக் காப்பாற்றியவர் ஜான் பீல். அதே 1993இல்தான் 'ரிமம்பரன்ஸ்' வீடியோ கேசட்டாக ஒரு தகர டப்பாவில் கடைக்கு வந்தது. அதாவது 1997இல் பீல் நாவலைப் படித்தவர்களின் அலமாரியில் ஸ்காரோ வெடிக்கும் காட்சி உட்கார்ந்திருந்தது. வேண்டும்போது போட்டுப் பார்க்கலாம். விட்டேக்கர் எழுதியபோது வாசகரிடம் இருந்தது மங்கலான ஞாபகம். பீல் எழுதியபோது இருந்தது ஆதாரம். முன்பு நினைவைக் காப்பாற்றிய புத்தகம் இப்போது நினைவோடு சண்டைக்கு வந்தது.

கோபத்துக்கு இது பாதிக் காரணம். மீதிக் காரணம் அந்த டீக்கடை. பீலின் நாவலுக்குப் பிறகு அந்தக் காட்சியைப் பாருங்கள். டாக்டரின் தவிப்பு எதற்கு? அவர் தன் எதிரியின் கோளை அழிக்கவே இல்லை. ஏமாந்திருக்கிறார். ஏஸின் கேள்விக்கும் அர்த்தம் இல்லை. கோளைக் காப்பாற்றப்போய், ஒரு மனிதனின் குற்ற உணர்ச்சியைப் பீல் அழித்துவிட்டார். விட்டேக்கர் மாற்றியது ஒரு சந்திப்பின் சூழலை. யாருடைய செயலையும் பொய்யாக்கவில்லை.

பிறகு டிவியும் நாவலைத் திருத்தியது. பால் கார்னெலின் 'ஹ்யூமன் நேச்சர்' (1995) நாவலில் ஏழாவது டாக்டர் தான் யாரென்றே மறந்து, 1914இல் ஓர் ஆங்கிலப் பள்ளியில் மனித ஆசிரியராக வாழ்கிறார், காதலிக்கிறார். 2007இல் கார்னெலே அதை டிவிக்கு எழுதினார். இப்போது அது பத்தாவது டாக்டருக்கு, 1913இல் நடக்கிறது. ஒரே ஆளுக்கு ஒரே வாழ்க்கை இரண்டு தடவை வரமுடியாது. கணக்குப்படி நாவல் அடிபட்டுப் போகணும். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். போர் வரப்போகும் வருடத்தில் ஒருவன் சாதாரண மனிதனாக இருக்க ஆசைப்பட்டு, அதை விட்டுக்கொடுக்கும் வலி இரண்டிலும் அப்படியே இருக்கிறது.

தொடர்ச்சி என்று நாம் சண்டை போடுவது தேதிகளுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கோளின் பெயர், வருடம், சந்தித்த தெரு எல்லாம் மாறலாம். ஒரு பாத்திரம் விலை கொடுத்துச் செய்ததை "அது நடக்கவே இல்லை" என்று சொன்னால், கூடவே அழுத வாசகனையும் ஏமாளியாக்குகிறோம்.

2012இல் ஸ்காரோ மறுபடி டிவியில் வந்தது, இடிபாடுகளோடு. 2015இலும் வந்தது. எப்படித் தப்பியது என்று யாரும் விளக்கவில்லை. ஆண்டலினைப் பற்றிப் பேச்சே இல்லை. விளக்காமல் விட்டதால் டீக்கடைக்கு ஒரு சேதமும் இல்லை. டாக்டர் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், சர்க்கரை போடுவதா வேண்டாமா என்று.