மர்மதேசம்: விடாது கருப்பு

மர்மதேசம் என்பது 1990களில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய அமானுஷ்யத் தொடர்வரிசை. இதன் கதாசிரியர் இந்திரா சௌந்தர்ராஜன் (1958–2024) சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்தவர். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்கினார்.

இவ்வரிசையில் பெரிதும் பேசப்பட்டது, 'விட்டுவிடு கருப்பா' நாவலை ஒட்டி உருவான 'விடாது கருப்பு'. சேலம், நாமக்கல் சமவெளியில் கருப்பணார் என்றும் வணங்கப்படும் காவல் தெய்வமே இதன் மையம். தோட்டக்காரமங்கலம் என்னும் ஊரில் தவறு செய்தவர்கள் தண்டிக்கப்படுகின்றனர். கருப்புசாமியின் செயல் என ஊர் நம்புகிறது. சாமியின் தண்டனை என்று முடிவு செய்தபின் குற்றவாளி யார் என எவரும் கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்பவர் வெளியூரிலிருந்து வரும் மனநல மருத்துவர் ரீனா (தேவதர்ஷினி). அவரது தேடல் ஆளுமைப் பிளவுக்கு ஆளான ஒரு மனிதரிடம் சென்று முடிகிறது.

பேயை விரட்டும் மந்திரவாதிக்குப் பதிலாக, அச்சத்தின் காரணத்தைத் தேடும் ஆய்வாளரை இத்தொடர் முன்னிறுத்தியது. 2024இல் பிரைம் வீடியோவில் வெளியான நந்தினி ஜே. எஸ். இயக்கிய 'இன்ஸ்பெக்டர் ரிஷி' இணையத் தொடரும் இதே வழியில் செல்கிறது. அதில் காட்டு ஆவியான வனரட்சியின் செயலாகக் கருதப்படும் மரணங்களைக் காவல் அதிகாரி ஒருவர் புலனாய்வு செய்கிறார்.