நெருப்பு நரியும் பனிக் கீரியும்: ஒரு பெயர்த் தகராறின் கதை

2007-ல் வீட்டுக் கணினியில் டெபியன் 4.0 போட்டேன். எல்லாம் ஒழுங்காக ஏறியது, ஆனா மெனுவில் ஃபயர்பாக்ஸைக் காணோம். அந்த இடத்தில் ஐஸ்வீசல் என்று ஏதோ ஒன்று. திறந்தால் அச்சு அசல் ஃபயர்பாக்ஸ். ஏதாவது போலி சிடியை இறக்கிவிட்டோமோ என்று முதலில் பயந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அதே பிரவுசர்தான், பெயரை மட்டும் கழற்றிவிட்டார்கள். நெருப்புக்குப் பதில் பனிக்கட்டி. நரிக்குப் பதில் வீசல் என்கிற கீரி மாதிரிப் பிராணி. பெயர் கிண்டலாக இருந்தாலும் பின்னால் இருந்த சண்டை நிஜமானது.

கதையைக் கொஞ்சம் முன்னாடியிருந்தே சொல்லணும். 2002 செப்டம்பரில் இந்த பிரவுசர் முதன்முதலில் வெளிவந்தபோது அதன் பெயர் ஃபீனிக்ஸ். நெட்ஸ்கேப்பின் சாம்பலிலிருந்து எழுந்த பறவையாம். பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஃபீனிக்ஸ் பயாஸ் என்று ஒரு வரி வருமே, ஞாபகம் இருக்கா? அந்த ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ் ஆட்சேபித்தது. பயாஸ் செய்கிறவர்களுக்கும் பிரவுசருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீங்க. அவர்களிடமும் ஒரு பிரவுசர் இருந்தது. டிரேட்மார்க் விஷயத்தில் பெயர் ஒன்றா என்று மட்டும் பார்ப்பதில்லை, பயன்படுத்துகிறவர் குழம்பிப்போவாரா என்று பார்ப்பார்கள்.

2003 ஏப்ரலில் புதுப் பெயர் அறிவித்தார்கள்: ஃபயர்பேர்டு. கிட்டத்தட்ட அதே பறவை, வேறு சொல். ஆனால் ஃபயர்பேர்டு என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு திறமூல டேட்டாபேஸ் இருந்தது. 2000-ல் போர்லாண்ட் நிறுவனம் இன்டர்பேஸின் மூலநிரலைத் திறந்துவிட்டபோது அதிலிருந்து கிளைத்த திட்டம் அது. அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் மின்னஞ்சல். ஆதரவாளர்கள் மொசில்லாவுக்குக் கண்டனக் கடிதங்களாகக் கொட்டினார்கள். மொசில்லா ஃபயர்பேர்டு என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் வராது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. கோர்ட்டுக்குப் போயிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். சக திறமூலக்காரர்களின் பெயரை எடுத்துக்கொள்வது முறையில்லை என்ற எண்ணம்தான் அங்கே வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

2004 பிப்ரவரி 9 அன்று 0.8 பதிப்பு ஃபயர்பாக்ஸ் என்ற பெயரில் வந்தது. சிவப்பு பாண்டாவுக்கு இன்னொரு பெயர் அது. இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டதால் இந்த முறை முன்கூட்டியே அமெரிக்காவில் பதிவுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். அப்படியும் பிரிட்டனில் வேறொரு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அதே பெயரைப் பதிவு செய்திருந்தது. அவர்களிடம் முறைப்படி அனுமதி வாங்கினார்கள். பிற்பாடு பெயர் விஷயத்தில் மொசில்லா அவ்வளவு கறாராக இருந்ததற்கு இந்த அலைச்சலும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

இனி டெபியன். தமிழில் காப்புரிமை என்ற ஒரே சொல்லைக் காப்பிரைட்டுக்கும் பேட்டன்ட்டுக்கும் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறோம். டிரேட்மார்க் இரண்டும் இல்லை. திறமூல உரிமம் நிரலை எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்கிறது. பெயருக்கு அந்த அனுமதி தானாக வராது. மொசில்லாவின் பயமும் நியாயமானது. யாரோ உளவு நிரலைச் செருகி அதையும் ஃபயர்பாக்ஸ் என்று கொடுத்தால், தடுக்க அவர்களிடம் இருந்தது டிரேட்மார்க் ஒன்றுதான்.

நரி லோகோ கட்டற்ற உரிமத்தில் இல்லை. எனவே டெபியன் லோகோவை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்திருந்தது. 2006-ல் மொசில்லா தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தது: பெயர் வேண்டுமானால் லோகோவும் சேர்ந்தே வரணும், நீங்கள் செய்கிற மாற்றங்களை எங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கணும். எனக்கு லோகோவைவிட இந்த இரண்டாவது நிபந்தனைதான் முக்கியமாகப் படுகிறது. அந்தக் காலத்தில் டெபியன் ஒரு பதிப்பை வெளியிட்டால் வருஷக்கணக்கில் அதே பிரவுசர் பதிப்பையே வைத்துக்கொண்டு, பாதுகாப்பு ஒட்டுகளை மட்டும் பின்னோக்கிப் போட்டுவந்தார்கள். மொசில்லா பழைய பதிப்பைக் கைவிட்ட பிறகும் அந்த வேலை நடந்தது. ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒப்புதல் வாங்கிக்கொண்டிருந்தால் ஓட்டையை எப்போது அடைப்பது?

பெயரை மாற்றுவது டெபியனின் கொள்கைக்கு விரோதமும் இல்லை. மாற்றிய மென்பொருளுக்கு வேறு பெயர் வைக்கச் சொல்லி உரிமம் கேட்கலாம் என்று அவர்களுடைய வழிகாட்டு நெறிகளின் 4-வது விதியே ஒத்துக்கொள்கிறது. சொல்லப்போனால் டெபியன் என்பதே பதிவு செய்த டிரேட்மார்க்தான்! ஆக, ஃபயர்பாக்ஸ் ஐஸ்வீசல் ஆனது, தண்டர்பேர்டு ஐஸ்டவ் ஆனது, சீமங்கி ஐஸ்ஏப் ஆனது.

அந்த நாளில் எனக்கு மொசில்லா மேல் செம கோபம். இப்போது அவ்வளவு இல்லை. கோர்ட்டு, கேஸ் எதுவும் இல்லாமல் நிரலை எடுத்துக்கொண்டு பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூடிய மென்பொருளில் இந்த வழியே கிடையாது.

லோகோவின் உரிமம் பிற்பாடு தளர்ந்தது. டெபியன் போடுகிற ஒட்டுகள் தரத்தைக் கெடுக்கவில்லை என்று மொசில்லாவும் ஏற்றுக்கொண்டது. 2016-ல் ஒருநாள் வழக்கமான அப்டேட் முடிந்து பார்த்தால் மெனுவில் நரி வந்து உட்கார்ந்திருந்தது. பழக்க தோஷம், டெர்மினலில் கொஞ்ச நாளைக்கு ஐஸ்வீசல் என்றே தட்டிக்கொண்டிருந்தேன்.