எதிராளியை ஏமாற்றும் கால்கள்

காற்பந்தாட்டத்தில் எதிராளியை ஏமாற்றிப் பந்தைக் கடத்திச் செல்வதைத் தனித்திறன் என்று போற்றுகிறோம். ஒரு காலத்தில் ஆட்டமே அதுவாகத்தான் இருந்தது.

1863ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றிய காற்பந்துச் சங்கம் ஆட்டத்திற்கு விதிகள் வகுத்தது. அவற்றின்படி, பந்துக்கு முன்னால் நிற்கும் தம் அணியினருக்குப் பந்தை அனுப்ப முடியாது. ஆகவே, பந்தைப் பெற்றவர் அதைக் காலோடு உருட்டிக்கொண்டே எதிரிகளைக் கடந்து ஓடினார். அவர் இழந்தால் எடுத்துக்கொள்ளத் தோழர்கள் பின்னால் ஓடிவந்தனர்.

1866இல் அவ்விதி தளர்ந்தது. 1872 நவம்பர் 30ஆம் நாள் கிளாஸ்கோ நகரில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. அதுவே முதல் அதிகாரபூர்வ அனைத்துலக ஆட்டம். உடல் எடையில் குறைந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் பந்தைத் தமக்குள் மாற்றி மாற்றி ஆடினர். கோல் எதுவும் விழவில்லை. ஆனால், பலசாலிகளை எளியவர்கள் தடுத்து நிறுத்திவிட்டனர். மனிதனைவிடப் பந்து விரைவாக ஓடும் என்பதை உலகம் மெல்ல உணர்ந்தது.

அப்படியானால் தனித்திறன் அழிந்துவிட்டதா? இல்லை. அதன் வேலைதான் மாறியது. கூட்டாட்டத்திற்குக் கதவு அடைபடும் இடத்தில், அதைத் திறக்கும் சாவியாயிற்று.

இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ் எதிராளியை நோக்கி மெதுவாகவே செல்வார். உடலை இடப்பக்கம் சாய்ப்பார். எதிராளியும் அப்பக்கம் சாய்ந்ததும், வலக்கால் பாதத்தின் வெளிப்புறத்தால் பந்தைத் தட்டிப் பறந்துவிடுவார். ஐம்பது வயதைக் கடந்த பின்னும், 1965இல், அவர் முதல் பிரிவில் ஆடினார். வேகம் மட்டுமே அவருடைய பலமாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

பிரேசில் நாட்டின் கரிஞ்சா 1933இல் பாவ் கிராண்டே என்ற நெசவாலை ஊரில் பிறந்தவர். வேலையும் வீடும் ஆலையே கொடுத்த ஊர் அது. நம் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு அவ்வாழ்க்கை புதிதன்று. அவருடைய கால்கள் இரண்டும் வளைந்தவை. ஒன்று மற்றதைவிடக் குட்டை. அவர் பெரும்பாலும் வலப்பக்கமே செல்வார் என்பது எல்லாருக்கும் தெரியும். எப்போது செல்வார் என்பதுதான் தெரியாது! 1962ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் பெலே காயமுற்று விலகியபோது, பிரேசிலை வெற்றிக்குக் கொண்டுசென்றவர் இவரே. ஆயினும், குடிப்பழக்கத்தால் நலிந்து, 1983இல் தம் 49ஆம் வயதில் வறுமையில் மறைந்தார். களத்தில் எத்தனையோ பேரைக் கடந்தவரால் அதை மட்டும் கடக்க முடியவில்லை.

1974 ஜூன் 19ஆம் நாள் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், நெதர்லாந்தின் யோகன் குரைஃப் பந்தை அடிப்பதுபோல் காலை ஓங்கினார். சுவீடன் வீரர் யான் ஒல்சன் தடுக்க விரைந்தார். குரைஃப் பந்தைத் தமது ஊன்றிய காலுக்குப் பின்னால் இழுத்து, திரும்பி, மறுபக்கம் ஓடினார். அந்த ஆட்டத்திலும் கோல் விழவில்லை. ஆனால் அந்தத் திருப்பம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இம்மூவரும் ஏமாற்றியது எதிராளியின் கண்ணை மட்டுமன்று. அவருடைய உடல் எடையை. ஒரு காலில் எடையை ஊன்றியவர், அதை மறுகாலுக்கு மாற்றாமல் திரும்ப இயலாது. அந்த ஒரு கணமே தந்திரத்தின் உயிர்.

மாணவர்களே, பந்தை மட்டும் பார்த்துப் பழகாதீர்கள். எதிரே நிற்பவரின் காலையும் பாருங்கள். தந்திரம் முடிந்ததும் பந்தைத் தோழனுக்குக் கொடுங்கள். கைதட்டலுக்காக ஆடுவது வேறு. அணிக்காக ஆடுவது வேறு.