எதிர்வீரசிங்கமும் 1958ஆம் ஆண்டும்

புத்தளக் கரையோரத்துச் சிற்றூர்களில் கடற்கரை மணலே சிறுவர்க்கு விளையாட்டுக்களம். இரு கழிகளை நாட்டித் தும்புக் கயிற்றைக் கட்டி அதன் மேலாகப் பாய்வர். அவ்வாறு பாய்ந்து இளைத்து நின்ற என் மாணாக்கன் ஒருவன், "ஐயா, எங்கள் ஆட்களில் எவராவது இதில் நாட்டுக்குப் பரிசு பெற்றவர் உளரோ?" என வினவினான். அவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே இக்கட்டுரை.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள் 1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24இல் யாழ்ப்பாணத்துப் பெரியவிளானிற் பிறந்தார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் கற்றார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் இலங்கையின் சார்பிற் பாய்ந்தபோது அவர்க்கு வயது பதினெட்டு நிரம்பவில்லை. 1956இல் மெல்போர்னிலும் பங்குபற்றினார். அவ்விரு விழாக்களிலும் அவர்க்குப் பதக்கம் கிட்டவில்லை.

1958ஆம் ஆண்டு மே 24 முதல் ஜூன் 1 வரை டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. அங்கே 2.03 மீற்றர், அஃதாவது 6 அடி 8 அங்குலம், பாய்ந்து அவர் தங்கப்பதக்கம் பெற்றார். ஆசிய விழாக்களில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அதுவே. ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்கர் வோல்ட் டேவிஸ் பாய்ந்தது 2.04 மீற்றர். ஆறாண்டுகளின் முன் உலகின் முதல்வர் பாய்ந்த உயரத்தை நம்மவர் ஒரு சென்ரிமீற்றர் குறைவாக எட்டினார் என்க.

இனி, அந்நாட்களில் இலங்கையின் நிலை யாது? மே 22இல் பொலன்னறுவைப் புகையிரத நிலையத்தில் தொடங்கிய தமிழர்க்கெதிரான வன்செயல் நாடெங்கும் பரவிற்று. 27ஆந் திகதி அவசரகாலநிலை பிரகடனம் செய்யப்பட்டது. கொழும்பில் அகதிகளாய்த் தங்கிய தமிழர் ஆயிரக்கணக்கிற் கப்பலேறி யாழ்ப்பாணஞ் சேர்ந்தனர். டோக்கியோவில் ஒரு தமிழரின் பாய்ச்சலால் இலங்கைக் கொடி உயர்ந்த அதே கிழமைகளில், இலங்கையில் அவர் இனத்தார் வீடிழந்து நின்றனர். வன்செயலை ஓர் ஏட்டிலும் பதக்கத்தை வேறோர் ஏட்டிலும் பிரித்து எழுதுவது நம் வழக்கம். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படித்தாலன்றி 1958 விளங்காது.

பிறநாட்டு வரலாற்றிலும் இத்தகைய பக்கம் உண்டு. ஜேர்மனியின் கிரேற்றல் பேர்க்மன் என்னும் யூத நங்கை 1936இல் 1.60 மீற்றர் பாய்ந்து அந்நாட்டுச் சாதனையைச் சமன் செய்தார். ஆயினும் அவரது ஆற்றல் போதாதென்று காரணங்காட்டி, பேர்லின் ஒலிம்பிக் அணியினின்றும் அவரை விலக்கினர். அவ்விழாவில் பதக்கம் பெற்ற மூவரும் போட்டியிற் கடந்த உயரம் அதே 1.60 மீற்றரே. எதிர்வீரசிங்கத்தின் நிலை இதனின் வேறு: அவரை நாடு விலக்கவில்லை, அவர் ஈட்டிய பெருமையை உவந்து ஏற்றது. வீரனின் வெற்றியை ஏற்பது எளிது. அவன் அயலாரின் வாழ்வுரிமையை ஏற்பதே அரிது. அவ்வரியதை இலங்கை அன்று செய்திலது.

எதிர்வீரசிங்கம் 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளிப்பதக்கம் பெற்றார். கலிபோர்னியாவிலும் கோர்னெல் பல்கலைக்கழகத்திலும் உயர்கல்வி பயின்று கலாநிதிப் பட்டம் பெற்று, சியரா லியோன், பப்புவா நியூகினி ஆகிய நாடுகளிற் கல்விப்பணி ஆற்றினார். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவிற் காலமானார். பாய்ந்த கால் ஓய்ந்த பின்னும் கற்பித்த வாய் ஓயாத வாழ்வு அது.

என் மாணாக்கனுக்கு இவ்வரலாற்றை முழுதுங் கூறினேன்; பதக்கத்தை மட்டுங் கூறி மே மாதத்தை மறைத்தேனல்லேன். அவன் சற்றுநேரம் பேசாதிருந்தான். பின்னர்க் கயிற்றை ஒரு முழம் உயர்த்திக் கட்டினான்.