இடாப்பும் கூட்டக் குறிப்பும் யார் பொறுப்பு?

1981 மே மாதத்தின் இறுதி இரவில் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பின்னாளில் அரசு நிதி ஒதுக்கி அக்கட்டிடத்தை மீண்டும் எழுப்பியது. வெள்ளை மாடம் திரும்பி வந்தது. கையெழுத்து மூலங்கள் வரவில்லை. கட்டிடத்துக்கு நிதி கொடுப்பது ஒன்று, ஆவணத்தைக் காப்பது வேறொன்று என்பதை அன்று கற்றோம்.

எமது நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. இங்கு அச்சாகும் நூல்களின் பிரதிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது 1885 முதல் உள்ள விதி. 1973 இன் 48 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அரச அலுவலகப் பதிவேடுகளுக்குத் தேசிய சுவடிகள் திணைக்களம் பொறுப்பு. ஆனால் சனசமூக நிலையத்தின் கணக்குப் புத்தகமும், கோயில் பரிபாலன சபையின் கடிதக்கட்டும், எம்போன்ற சங்கங்களின் கூட்டக் குறிப்பும் அரச பதிவேடுகள் அல்ல. அச்சு நூல்களும் அல்ல. அவற்றைப் பேண மானியம் தருவது யார் கடமை?

பாடசாலைகளின் நிலை இன்னும் சிக்கலானது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் பல அரசின் கீழ் வந்தன. முந்திய கடிதங்கள் பழைய முகாமைகளோடு நின்றுவிட, பிந்தியவை கல்வித் திணைக்களத்துக்குச் சென்றன. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எம் கையில் உடுப்பும் சான்றிதழ்களுமே இருந்தன. பாடசாலை அலுமாரிகளை யார் தூக்கிச் செல்வது?

எம்மில் மருத்துவரானோர் அறிவோம்: பழைய குறிப்பேடு இல்லாத நோயாளியிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டும். சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆளே இராது. சேர்விடாப்பும் அப்படித்தான். பிறப்புப் பதிவு இல்லாதவரின் வயதை நிறுவ அது உதவும். எந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் எந்த ஆண்டில் படிக்க வந்தார்கள், எந்த வகுப்போடு நின்றார்கள் என்பதையும் அதுவே சொல்லும்.

இந்த இடைவெளியைத் தொண்டர்களும் வெளிநாட்டு நிதியுமே பெரிதும் நிரப்பி வந்துள்ளன. 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் பாடசாலை மலர்களும் உண்டு. பிரித்தானிய நூலகத்தின் அழிவுறும் ஆவணங்களுக்கான திட்டம் வட இலங்கை ஏட்டுச் சுவடிகளை எண்ணிமப்படுத்தக் கைகொடுத்தது. ஆனால் திட்ட நிதிக்கு முடிவுத் திகதி உண்டு, கறையானுக்கு இல்லை.

ஆகவே மத்திய அரசிடமும் மாகாண சபையிடமும் நாம் கேட்க வேண்டியது மாளிகை அல்ல. மாவட்டத்துக்கு ஒரு பயிற்றப்பட்ட காப்பாளர், அமிலமற்ற பெட்டிகள், ஒரு ஸ்கானர், ஆண்டுதோறும் தவறாத சிறு ஒதுக்கீடு, இவை போதும்.

கேட்குமுன் நாம் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. அன்புத் தோழியரே, நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தாலென்ன, ரொறன்ரோவில் இருந்தாலென்ன, உங்கள் வீட்டில் உள்ள கூட்டக் குறிப்பு, குழுப்படம், பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல் ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். என்ன இருக்கிறது என்றே தெரியாத சொத்துக்கு எந்த அரசும் நிதி ஒதுக்காது.