கத்திக்குத்து, தண்டனை, படுகொலை: செய்தி ஒளிப்படப் பரிசுகளில் அரசியல் சார்பு

செய்தி ஒளிப்படப் போட்டிகளில் நடுவர்களின் அரசியல் சார்பு தீர்ப்பைப் பாதிக்கிறதா என்னும் வினா, எந்த நடுவர் எந்தப் பக்கத்தவர் என்ற அளவிலேயே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. 1955இல் நெதர்லாந்தில் தொடங்கப்பெற்ற வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவ்வினாவுக்கு வேறொரு வடிவம் தந்தது. அவ்வாண்டு நடுவர்குழுத் தலைவராக இருந்த ஸ்டூவர்ட் பிராங்க்ளின், தம் குழு ஆண்டின் சிறந்த படமாகத் தேர்ந்த படத்துக்கு எதிராகவே தாம் வாக்களித்ததாக, முடிவு வெளியான 2017 பிப்ரவரி 13 அன்றே தி கார்டியன் இதழில் எழுதினார். தம் மறுப்பு அறம் சார்ந்தது என்று அவர் கொண்டார். பின்னர் இப்பொருள் பற்றிப் பேசியோர் பலரும் அதை அவ்வாறே ஏற்றனர். அம்மறுப்பினுள் ஓர் அரசியல் மதிப்பீடு பொதிந்துள்ளது என்பதும், அது தங்கியிருக்கும் இடம் படத்தைக் காட்டிலும் படத்தோடு ஒட்டப்பட்ட சொல்லே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பிராங்க்ளின் எதிர்த்த படம், 2016 டிசம்பர் 19 அன்று அங்காராவின் கலைக்கூடம் ஒன்றில் அசோசியேட்டட் பிரஸ் ஒளிப்படக்காரர் புர்ஹான் ஒஸ்பிலிஜி எடுத்தது. கண்காட்சித் திறப்பில் பேசிக்கொண்டிருந்த ரஷ்யத் தூதர் ஆந்திரே கார்லோவ் தரையில் கிடக்க, அவரைச் சுட்ட, பணிநேரத்தில் இல்லாத 22 வயதுத் துருக்கியக் காவலர், ஒரு கையில் துப்பாக்கியும் மேலுயர்த்திய மறுகையின் சுட்டுவிரலுமாக, அலெப்போவை மறக்காதீர்கள் என்று முழங்கும் காட்சி அது. ஒளிப்படக்காரரின் துணிவைப் பிராங்க்ளின் குறைத்துப் பேசவில்லை; அவருக்குரிய பாராட்டை மறுப்பது தம் நோக்கமன்று என்றும் தெளிவுபடுத்தினார். ஆயினும் கொன்றவனும் கொல்லப்பட்டவரும் ஒரே சட்டகத்துள் நிற்கும் இப்படத்தை வெளியிடுவது, பயங்கரவாதிகள் தலையறுக்கும் காட்சியை வெளியிடுவதற்கு நிகரான அறச்சிக்கல் உடையது என்றும், முதற்பரிசால் வரும் கூடுதல் விளம்பரம் கொலையாளியின் செய்தியைப் பெருக்கிக் காட்டும் என்றும், விளம்பரத்துக்காகவே அரங்கேற்றப்படும் இத்தகைய கொலைகளுக்கு அது அழைப்பாகிவிடும் என்றும் அவர் வாதிட்டார். இப்பரிசைப் பெறும் மூன்றாவது படுகொலைப் படம் இது என்று குறிப்பிட்டு, அவற்றுள் புகழ்மிக்கது 1968இல் எட்டி ஆடம்ஸ் எடுத்த சைகோன் படம் என்றும் சொல்லிச் செல்கிறார். போகிறபோக்கில் சொல்லப்பட்ட இவ்வெண்ணிக்கையே இங்குத் தொடங்குபுள்ளியாகிறது. ஏனெனில் பிராங்க்ளின் தாமே தந்த வரிசையை அவர் சோதித்துப் பார்க்கவில்லை.

முதலில் ‘அரங்கேற்றப்பட்டது’ என்னும் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். 1963 ஜூன் 11 அன்று சைகோன் தெருச் சந்திப்பில் பௌத்தத் துறவி திக் குவாங் டுக் தீக்குளித்ததை மால்கம் பிரவுன் எடுத்த படம், அவ்வாண்டுக்குரிய சிறந்த படமாக இதே போட்டியில் தேர்வு பெற்றது. முக்கியமான ஒன்று நடக்கவிருக்கிறது என்று துறவிகள் செய்தியாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தனர். ஒளிப்படக் கருவி அங்கு இருக்க வேண்டும் என்பது அந்நிகழ்வின் திட்டத்திலேயே அடங்கியிருந்தது. உயிர்த்தியாகமும் விளம்பரமும் செய்துகொள்ளும் உடன்படிக்கையே பிராங்க்ளின் அஞ்சியது என்றால், அவ்வுடன்படிக்கையின் மிகத் தெளிவான சான்று பிரவுனின் படம்தான். தன்னைத்தான் எரித்துக்கொள்வதும் பிறரைச் சுடுவதும் ஒன்றல்ல என்று பிராங்க்ளின் தரப்பில் விடை கூறலாம். அவ்விடை முற்றிலும் சரியானது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், அரங்கேற்றம், விளம்பரம் என்னும் அளவுகோல்கள் விலகி, யார் எதற்காகச் செய்தார் என்னும் வினாவே எஞ்சுகிறது. அது செயலின் நியாயத்தை எடைபோடும் வினா. அரசியலைத் தொடாமல் அதற்கு விடை காண இயலாது.

அடுத்து, பிராங்க்ளினின் வரிசையில் முதலாவதாக அமைய வேண்டிய டோக்கியோ படம். 1960 அக்டோபர் 12 அன்று ஹிபியா மண்டபத்தில் நடந்த கட்சித் தலைவர்களின் மேடையில், ஜப்பான் சோசலிஸ்டுக் கட்சித் தலைவர் இனெஜிரோ அசனுமாவை, அதிதேசியவாதியான 17 வயது ஒதோயா யமகுச்சி குறுவாளால் குத்தினான். மைனிச்சி நாளிதழின் யசுஷி நாகாவோ எடுத்த படத்தில், இரண்டாம் முறை பாய்வதற்காக வாள் பின்னிழுக்கப்பட்டிருக்கிறது. அசனுமாவின் மூக்குக்கண்ணாடி நழுவுகிறது. கைகள் தற்காப்புக்காக மார்பளவில் எழுந்து நிற்கின்றன. கொன்றவனும் கொல்லப்பட்டவரும் ஒரே சட்டகத்தில், பார்வையாளர்கள் நிறைந்த மேடையில், ஒளிபரப்புக் கருவிகளுக்கு முன்னால் என, பிராங்க்ளின் அங்காராவில் சுட்டிய கூறுகள் அனைத்தும் 56 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு ஒருங்கே உள்ளன. மூன்று வாரங்களுக்குள் காவலில் தற்கொலை செய்துகொண்ட யமகுச்சியை ஜப்பானிய வலதுசாரிகள் தியாகியாகக் கொண்டாடினர். 2018 அக்டோபர் 12 அன்று நியூயார்க்கில் வலதுசாரிக் குழுவொன்றின் நிறுவனர் கேவின் மக்கின்னிஸ் அக்கொலையை மேடையில் நடித்துக் காட்டியதையும் இங்குச் சேர்க்க வேண்டும். இது பிராங்க்ளினுக்கு ஆதரவான சான்று. அதை மறைப்பது நேர்மையாகாது. கொலையாளியின் செய்தி படத்தின் வழியே தலைமுறை கடந்து பரவும் என்னும் அவருடைய அச்சம் வீணானதன்று. ஆனால் அப்பரவலில் படத்தின் பங்கு எவ்வளவு, பரிசின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. பரிசின் பங்கையே பிராங்க்ளின் தம் வாதத்துக்கு அடித்தளமாக்கினார். அடித்தளத்தின் வலிமை அங்குத்தான் குறைகிறது.

இப்போது, இதுவரை போதிய கவனம் பெறாத ஒரு பாட வேறுபாட்டைக் காணலாம். சுவடிப் பதிப்பில் பாட வேறுபாடு என்பது ஒரே இடத்தில் வெவ்வேறு படிகள் தரும் வெவ்வேறு சொற்களைக் குறிக்கும். பதிப்பாசிரியர் அவற்றைக் கொண்டே படியெடுத்தவர்களின் மனச்சாய்வை உணர்வார். மூன்று கொலைப்படங்களுக்கும் வழங்கிய தலைப்புகளை அவ்வாறே ஒப்புநோக்கலாம். 1961இல் புலிட்சர் பரிசு பெற்றபோது நாகாவோவின் படத்துக்குரிய தலைப்பு ‘டோக்கியோ கத்திக்குத்து’ என்று பொருள்படுவது. 1969இல் அதே பரிசைப் பெற்ற ஆடம்சின் படத்துக்கு வழங்கியது ‘சைகோன் எக்ஸிகியூஷன்’. ஒஸ்பிலிஜியின் படம் இடம்பெற்ற தொடருக்குப் பெயர் ‘துருக்கியில் ஓர் அரசியற்படுகொலை’ என்று பொருள்தருவது. செயல் மூன்றிலும் ஒன்றே: அரசியல் பகையால் ஒருவர் மற்றொருவரைக் கருவிகளின் முன் கொல்கிறார். சொல்லோ ஒன்றில் தெருச்சண்டைக்குரியது, ஒன்றில் சட்டத்தின் மணம் வீசுவது, ஒன்றில் மட்டுமே அரசியலை வெளிப்படையாகச் சொல்வது.

இவற்றுள் நடுவிலுள்ள சொல்லின்மீது சற்று நின்று பார்க்க வேண்டும். 1968 பிப்ரவரி 1 அன்று, வியட்நாம் போரின் டெட் தாக்குதலுடைய தொடக்க நாட்களில், தென்வியட்நாமியத் தேசியக் காவல்துறைத் தலைவர் நூயென் ஙொக் லோவான், கைகள் பின்புறம் கட்டப்பட்ட ஒரு கைதியின் தலையில் தெருவிலேயே சுட்டார். நீதிமன்றம் இல்லை, விசாரணை இல்லை. ‘எக்ஸிகியூஷன்’ என்பதைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் ‘மரணதண்டனை நிறைவேற்றம்’ என்று எழுதினால் இல்லாத தீர்ப்பொன்றை உண்டாக்கிவிடுகின்றனர். ‘சுட்டுக்கொலை’ என்று எழுதினால் மூலச்சொல்லில் ஒளிந்திருக்கும் சட்டச் சாயலை இழந்துவிடுகின்றனர். ஆங்கிலம் தீர்க்காமல் விட்டதைத் தமிழ் தீர்த்தே ஆகவேண்டியுள்ளது. அம்மொழியில் அச்சொல் இருபுறமும் திறந்த கதவு: போரை எதிர்த்தவர்கள் அதில் இரக்கமற்ற கொலையைக் கேட்டனர், ஆதரித்தவர்கள் போர்க்காலத் தண்டனையைக் கேட்டனர். கைதியைக் கொலைக்குற்றவாளி என்று காட்டும் செய்திகள் பின்னாளில் பரவியதும், லோவானின் வாழ்வைத் தம் படம் அழித்துவிட்டது என்று ஆடம்சே வருந்தியதும் அவ்விரண்டாம் கேட்பை வலுப்படுத்தின. எதிரெதிர் அரசியல் உடைய நடுவர்கள் ஒரே படத்துக்குக் கை உயர்த்துவதை இத்தகைய சொல் எளிதாக்குகிறது என்று கொள்ள இடமுண்டு. ‘அரசியற்படுகொலை’ என்பதற்கோ அவ்விருபொருள் இல்லை. 2017இல் கருத்துமாறுபாடு வெளியே வெடித்ததற்கும் அது அறத்தின் மொழியை மேற்கொண்டதற்கும் இம்மூடிய சொல் ஒரு காரணமாகலாம். சைகோன் படத்தையும் ‘படுகொலை’ வரிசையில் பிராங்க்ளின் சேர்த்தபோது, அதன் பழைய தலைப்பை அவர் தம்மையறியாமலேயே திருத்தி எழுதினார் என்பதும் நோக்கத்தக்கது. அத்திருத்தம் நியாயமானதே, ஆனால் அது ஓர் அரசியல் தீர்ப்பு.

இவ்வாதத்தில் மெலிந்த இடங்கள் உண்டு. தலைப்பை இட்டவர் ஒளிப்படக்காரரா, செய்தி நிறுவனமா, பரிசுக் குழுவா என்பது மூன்று நேர்வுகளிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. மேலும் புலிட்சர் தலைப்பை வேர்ல்ட் பிரஸ் போட்டோ நடுவர்களின் மனநிலைக்குச் சான்றாக்குவது ஓரளவே செல்லும். எனினும் படத்தோடு வரும் சொல் பார்வையை மாற்றும் என்பதற்கு உளவியல் ஆய்வு துணைநிற்கிறது. டான் கஹானும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 202 அமெரிக்கர்களுக்கு ஒரே ஆர்ப்பாட்டக் காணொளி காட்டப்பட்டது. பாதிப்பேருக்கு அது கருக்கலைப்பு மருத்துவமனையின்முன் நடந்தது என்றும், மற்றவர்களுக்குப் படையாட்சேர்ப்பு மையத்தின்முன் நடந்தது என்றும் சொல்லப்பட்டது. ஆர்ப்பாட்டக்காரர்கள் பிறரைத் தடுத்தனரா, அச்சுறுத்தினரா என்னும், கண்ணால் கண்டதைப் பற்றிய வெறும் வினாவுக்கே, ஒட்டப்பட்ட விவரத்துக்கும் தத்தம் உலகநோக்குக்கும் ஏற்ப அவர்களின் விடை மாறியது. இதற்கு முன்னரே 1985இல் வாலோன், ராஸ், லெப்பர் ஆகியோர், 1982 பெய்ரூட் படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவாளர்களும் அரபு ஆதரவாளர்களும் தத்தம் தரப்புக்கு எதிரானவையாகவே கண்டனர் என்று காட்டியிருந்தனர். இதனைப் ‘பகை ஊடக விளைவு’ என்பர். சப்ரா, ஷத்தீலா முகாம்களில் நிகழ்ந்த அப்படுகொலையைக் காட்டும் ராபின் மோயரின் படமே 1982ஆம் ஆண்டுக்குரிய வேர்ல்ட் பிரஸ் போட்டோ பரிசைப் பெற்றது. ஆய்வுக்கூடத்தில் பிளவை உண்டாக்கிய நிகழ்வு, நடுவர் அறையில் பரிசாகியுள்ளது. தனியாளின் பார்வையும் குழுவின் வாக்கும் ஒரே விதியில் இயங்குவதில்லை என்பதால் இவ்வொப்பீட்டை மேலும் நீட்டுவது தகாது.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் வேண்டும். படம் எடுத்த ஆண்டு, பரிசளித்த ஆண்டு என்று பட்டியல்கள் இரு முறைகளைக் கையாள்வதால், சைகோன் படம் 1968 என்றும் 1969 என்றும், அங்காராப் படம் 2016 என்றும் 2017 என்றும் குறிக்கப்படுகிறது. இது வெறும் எண் சிக்கலன்று. சைகோன் படம் நடுவர்முன் வந்தபோது அது ஏற்கெனவே ஓராண்டாக உலகம் பார்த்த படம். 1968 பிப்ரவரி 2 அன்று நியூயார்க் டைம்ஸ் தன் முதற்பக்கத்தில் அதை வெளியிட்டபோது, இறந்த தன் குழந்தையைத் தூக்கிவரும் தென்வியட்நாமிய அதிகாரியின் படத்தையும் சேர்த்து அச்சிட்டுச் சமன்செய்திருந்தது. போட்டியில் அந்த இரண்டாம் படம் உடன்வரவில்லை. நடுவர்கள் எடைபோட்டது படத்தையா, அதன் ஓராண்டுப் புகழையா என்பது தீராத வினாவாகவே நிற்கிறது.

மூன்று தலைப்புகளும் ஒரு செய்தியில் ஒத்துப்போகின்றன: டோக்கியோ, சைகோன், துருக்கி என இடம் ஒவ்வொன்றிலும் உண்டு, இறந்தவரின் பெயர் எதிலும் இல்லை. அசனுமா, கார்லோவ் ஆகியோரின் பெயர்களைப் படவிளக்கங்களிலாவது காணலாம். சைகோனில் கட்டம்போட்ட சட்டையணிந்து நின்ற கைதி நூயென் வான் லெம் என்றே பெரும்பாலோர் கொள்கின்றனர்; லே கோங் நா என்று கூறுவோரும் உளர்.